ராஜா நடந்த நேரம்

திருத்தணி
நவம்பர் 18, செவ்வாய்

நைனாவுக்கு,

ஹேமாவதி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இந்த வரி வரைக்கும் வந்திருந்தீர்கள் என்றால், மீதியையும் படித்துவிடுங்கள். என் நம்பரை உங்கள் போனில் தடுத்து வைத்து மூன்று வருடம் ஆகிறது. வாட்ஸ்அப்பிலும் அப்படியே. அம்மையார்குப்பத்துக்கும் திருத்தணிக்கும் நடுவில் டவுன் பஸ் ஓடாமல் இல்லை. ஏறி வந்து வாசலில் நின்றால் என்ன ஆகும் என்று ஒரு தடவை பார்த்துவிட்டேன். அதனால்தான் தபால். தபால் ஆபீசில் கவர் கேட்டதற்கு, "யாருக்கும்மா, கோர்ட்டுக்கா?" என்று கேட்டார்கள். அப்பாவுக்கு என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

நம் தமிழ்நாட்டுப் பையன் ஆடுகிற உலகச் செஸ் பட்டத்துக்கான ஆட்டம் தொடங்கினதிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் ஓடி வந்து போனைத் திறந்து உட்கார்ந்துவிடுகிறேன். இங்கே ஒரு தனியார் பள்ளியில் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக் கொடுக்கிறேன், உங்களுக்குத் தெரிந்திருக்கும். தமிழில் வர்ணனை சொல்லும் அந்தப் பையனின் நேரலையைத்தான் பார்க்கிறேன். பக்கத்திலேயே ஜனங்கள் எழுதுவது ஓடிக்கொண்டே இருக்கும் அல்லவா, நேற்று ஆட்டம் சூடு பிடித்த நேரத்தில் அதில் ஒரு வரி: "பட்டையைப் பார்க்காதீங்கப்பா. ஆடுறவனுக்குத் தெரியாதது உங்களுக்கு இன்னாத்துக்கு?"

பேர் 'வேதா பவர்லூம்ஸ்' என்று இருந்தது. பேர் இல்லாவிட்டாலும் கண்டுபிடித்திருப்பேன். யார் முந்துகிறார்கள் என்று கம்ப்யூட்டர் காட்டும் அந்தக் கறுப்பு வெள்ளைப் பட்டையின் மேல் லுங்கிக் கரைத் துணியை வெட்டி ஒட்டி வைத்து ஆட்டம் பார்க்கிற மனுஷர் இந்தத் தமிழ்நாட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? முதலில் சிரித்தேன். அப்புறம் அவர் வந்து, "என்ன ஆச்சு?" என்று கேட்கும் அளவுக்கு அழுதேன். அவர் என்றால் பரணிதரன். உங்களுக்குப் பேர் பிடிக்காது. எனக்கு வேறு பேர் தெரியாது.

எங்கள் கல்யாணம் ஆன வாரமே நீங்கள் மலைக்குப் போய், சொந்தக்காரர்கள் எல்லோரும் பார்க்கக் கற்பூரத்தை அடித்து அணைத்து, "என் வாயால அவளாண்ட இனி ஒரு வார்த்தை பேசமாட்டேன்" என்று சத்தியம் செய்தீர்களாம். அத்தை மகன் பாலமுருகன் சொன்னான். முருகன் சந்நிதியில் பெற்ற பெண்ணோடு பேசமாட்டேன் என்று சத்தியம் செய்யலாமா? அந்த முருகனே அப்பாவோடு கோபித்துக்கொண்டு மலை ஏறினவர்தானே?

வேறு ஒன்றும் கேட்கவில்லை. ஒரு தடவை பேசுங்கள். திட்டினாலும் சரி. உங்கள் குரலைக் கேட்க வேண்டும் போல இருக்கிறது.

ஹேமா


அம்மையார்குப்பம்
நவம்பர் 21, வெள்ளி

ஹேமாவுக்கு,

கிழிக்கவில்லை. கவரைப் பிரிக்கும்போது ஓரம் கிழிந்தது, அது கணக்கில் வராது.

வாயால் பேசமாட்டேன் என்றுதான் சொன்னேன். கையைப் பற்றி முருகனிடம் ஒன்றும் பேச்சு இல்லை. அதனால் எழுதுகிறேன். இதை வைத்துக்கொண்டு நான் இறங்கி வந்துவிட்டேன் என்று உன் வீட்டுக்காரரிடம் பெருமை பேச வேண்டாம்.

நேற்று ஆட்டத்தில் ஓரத்துச் சிப்பாயைத் தள்ளச் சொல்லி ஒரு பேர் மூன்று தடவை எழுதிக்கொண்டே இருந்தது. அது நீதானே? ஓரத்துச் சிப்பாயைத் தள்ளித்தான் காஞ்சிபுரத்தில் தோற்றாய், வேலூரில் தோற்றாய். அவர்கள் தள்ளவில்லை, டிரா ஆனது. டிராவுக்கு என்ன குறைச்சல்? எல்லா ஆட்டத்தையும் ஜெயித்தே தீர வேண்டும் என்கிற புத்தி உனக்கு உன் அம்மாவிடமிருந்து வந்தது. மனோரமா இருந்திருந்தால் என்னை இப்படி எழுத விட்டிருக்க மாட்டாள், இழுத்துக்கொண்டு வந்து உன் வீட்டில் தள்ளியிருப்பாள். அவள் இல்லாதது உனக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம்.

சத்தியம் செய்ததைக் கேட்டாய். நான் கேட்பதற்கு நீ பதில் சொல். உனக்குப் பத்து வயதிலிருந்து எத்தனை ஊரில் எத்தனை மண்டபத்துக்கு வெளியே நான் உட்கார்ந்திருப்பேன்? பெற்றவர்கள் உள்ளே வரக் கூடாது என்று கதவைச் சாத்திவிடுவார்கள். வெயிலானாலும் மழையானாலும் வராண்டாதான். மற்றப் பிள்ளைகளின் அப்பாக்களோடு பொழுது போகாமல் ஆடித்தான் எனக்கே இந்த ஆட்டம் வந்தது. நீ சொல்லிக் கொடுத்தாயா? கேட்டால், "நைனா, உனக்கு வராது" என்பாய். சரி. கதவு திறந்து நீ வெளியே வரும்போது முகத்தைப் பார்த்தே ஜெயித்தாயா தோற்றாயா என்று எனக்குத் தெரியும். எது ஆனாலும் அங்கே நான் இருப்பேன்.

உன் வாழ்க்கையின் பெரிய ஆட்டத்தை ரிஜிஸ்டர் ஆபீசில் ஆடிவிட்டு, முடிந்த பிறகு போனில் மூன்று வரி அனுப்பினாய். நான் தறியில் பாவு நூல் பிணைத்துக்கொண்டிருந்தேன். எதிர்த் தறிக்காரன் தன் போனைக் காட்டி, "இன்னா மாமா, உன் பொண்ணு போட்டோ வந்துகினு இருக்குது" என்றான். நீ அனுப்பியதை நான் பார்ப்பதற்கு முன்னே ஊர் பார்த்துவிட்டது. அவன் நம்ம சனமா இல்லையா, பயிர் வைக்கிற குடும்பமா என்பதெல்லாம் அப்புறம். வெளியே உட்கார்ந்திருக்கக்கூட என்னைக் கூப்பிடவில்லையே நீ. அதுதான் எனக்கு ஆறவில்லை.

தறி ஓடுகிறது. கரண்ட் இருக்கும்போது கொட்டகையில் யார் பேசினாலும் காதில் விழாது, உனக்குத் தெரியும். இப்போது கரண்ட் போனாலும் என் பேச்சு விழுவதில்லை. குரல் கரகரவென்று ஆகிவிட்டது. "மாமா, உன் தொண்டைக்கு எண்ணெய் போடணும்" என்று பாலமுருகன் கிண்டல் செய்கிறான். கை ஜாடைதான். அது போதும்.

வேதாசலம்


திருத்தணி
நவம்பர் 25, செவ்வாய்

நைனாவுக்கு,

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எழுதினால் உங்களுக்குத் தலைக்கனம் ஏறிவிடும்.

கூப்பிட்டிருந்தால் வந்திருப்பீர்களா? உண்மையைச் சொல்லுங்கள். ஆர்.கே.பேட்டையில் மாப்பிள்ளை பார்த்து, என்னைக் கேட்காமலே தட்டு மாற்ற நாளும் குறித்துவிட்டு வந்தது யார்? "நைனா, எனக்கு ஒருத்தரைப் பிடித்திருக்கிறது" என்று நான் வாயைத் திறந்தபோது, "பொட்டியக் கட்டிகினு போறதுன்னா இப்பவே போ" என்றது யார்? போனேன். அவ்வளவுதான். அனுப்பிய மூன்று வரியை எழுதுவதற்கு நான் எவ்வளவு நேரம் அந்த ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன் தெரியுமா? வராண்டாவில் நீங்கள் உட்கார்ந்ததை நான் மறக்கவில்லை. அன்றைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்ததும் என் கண் முதலில் உங்களைத்தான் தேடியது. இருக்க மாட்டீர்கள் என்று தெரிந்தும் தேடியது.

அதற்குப் பிறகு நான் வந்தேன். அதை மட்டும் உங்கள் கடிதத்தில் எழுதாமல் விட்டுவிட்டீர்கள். கொட்டகை வாசலில் நின்றேன். ஆறு தறியும் ஓடிக்கொண்டிருந்தது. நான் கத்தினாலும் கேட்காது என்று, உள்ளங்கையைக் கவிழ்த்து அழுத்திக் காட்டினேன். தறியை நிறுத்து என்று அர்த்தம். நான் பேசக் கற்றுக்கொள்ளும் முன்னே கற்றுக்கொண்ட ஜாடை அது. நீங்கள் பார்த்தீர்கள் நைனா. பார்த்துவிட்டுத்தான் முதுகைத் திருப்பினீர்கள். வாயால்தானே சத்தியம்? கைக்கு என்ன வந்தது அன்றைக்கு?

இதை எழுதும்போதே கோபம் வருகிறது. விடுங்கள்.

தொட்டால் ஆட வேண்டும் என்பீர்கள். சின்ன வயதில் நான் குதிரையைத் தொட்டுவிட்டு மனசு மாறினால் விடவே மாட்டீர்கள். சத்தியமும் அப்படித்தான் உங்களுக்கு. ஆனால் நைனா, தொட்ட காயை ஆட வேண்டும் என்றுதான் சட்டம். எந்தக் கட்டத்தில் வைப்பது என்பது ஆடுகிறவர் இஷ்டம். அதை யோசியுங்கள்.

நேற்றும் டிரா. கடைசி ஆட்டம் வருகிற திங்கட்கிழமை. அதையாவது நம் பையன் ஜெயிக்க வேண்டும். நீங்கள் சொன்னதற்காக நானும் பட்டையின் மேல் பேப்பரை ஒட்டிவிட்டேன். யார் முந்துகிறார்கள் என்றே தெரியவில்லை. இப்படித்தான் இத்தனை வருடமும் பார்க்கிறீர்களா?

குரல் கரகரப்பு எத்தனை நாளாக? கொட்டகைத் தூசு என்று இருந்துவிடாதீர்கள், டாக்டரைப் பாருங்கள். பாலமுருகனிடம் கேட்கலாம் என்று கூப்பிட்டால் அவன் போனை எடுக்கவே மாட்டேன் என்கிறான். உங்கள் உத்தரவா?

ஹேமா


அம்மையார்குப்பம்
நவம்பர் 29, சனி

ஹேமாவுக்கு,

ஆங், என் உத்தரவுதான். வாயைத் திறந்தால் கொட்டகைக்குள் கால் வைக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவனைத் திட்டாதே.

சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். தொண்டையில் கட்டி. வேலூரில் பார்த்தாயிற்று. தீபாவளிக்கு முன்பே சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். குரல்வளையை முழுக்க எடுத்துவிட வேண்டுமாம், எடுத்தால் ஆளைப் பிழைக்க வைக்கலாமாம். ஆபரேஷன் வருகிற செவ்வாய்க்கிழமை காலை. டாக்டர் கம்ப்யூட்டரில் படத்தைக் காட்டி, நூற்றுக்கு இத்தனை பேர் என்று என்னவோ சொல்ல வந்தார். "வேணாங்க, அந்தப் பட்டையை என்னாண்ட காட்டாதீங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை. உனக்குப் புரியும்.

அதற்குப் பிறகு எனக்குப் பேச்சு கிடையாது. கொஞ்ச நாள் கழித்து ஏதோ கருவி வைத்துச் சத்தம் வரவைக்கலாம் என்கிறார்கள். வரலாம். அது என் குரலாக இருக்காது.

உன் முதல் கடிதம் வந்த அன்றைக்கு, இவளுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். படித்துப் பார்த்தால் உனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாமலே குரலைக் கேட்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு தறியடியில் நின்றேன். குறுக்கே ஓடும் நாடாவில் ஊடை நூல் தீர்ந்து தறி வெறுமனே ஓடுவதைக்கூடக் கவனிக்கவில்லை. பாலமுருகன் வந்து நிறுத்தினான்.

மூன்று வருடம் பேசமாட்டேன் என்று வீம்பாக வைத்திருந்த குரல் இது. செவ்வாய்க்கிழமை அவர்கள் அறுத்து எடுத்துப்போட்டுவிட்டால், அப்புறம் சத்தியம் எதற்கு, மன்னிப்பு எதற்கு? பேசாமல் இருக்கிறேன் என்பதற்கும் பேச முடியவில்லை என்பதற்கும் வித்தியாசம் இல்லாமல் போய்விடும். எனக்கு ஆபரேஷனைவிட அதுதான் பயமாக இருக்கிறது.

அதனால் நாளைக்கு மலைக்குப் போகிறேன். முடி கொடுத்து, சந்நிதியில் நின்று, சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். தொட்டாயிற்று, எங்கே வைப்பது என்பது என் இஷ்டம் என்று நீதான் எழுதினாய். மலையிலிருந்து இறங்கி உன் தெரு வழியாகத்தான் பஸ் வரும், இருந்தாலும் உன் வீட்டுக்கு வரமாட்டேன். மொட்டைத் தலையும் இந்தக் கட்டியுமாக நீ என்னைப் பார்த்தால் அழுவாய், நீ அழுதால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். இருக்கிற கொஞ்சம் குரலும் வராது.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும் போன் செய்கிறேன். சாயங்காலம். கடைசி ஆட்டத்தைச் சேர்ந்தே பார்க்கலாம், போனைக் காதில் வைத்துக்கொள். என்ன பேசுவேன் என்று எனக்கே தெரியாது. மூன்று வருடத்து வாடகையை ஒரு நாளில் கட்டுவது போல ஆகும். குரல் நன்றாக இருக்காது. முகம் சுளிக்காதே.

தபால் பெட்டியைக் காலையிலேயே திறந்து எடுத்துப் போய்விட்டார்கள், நாளைக்கு ஞாயிறு. திங்கட்கிழமை காலையில் கிளம்பினாலும் திருத்தணிதானே, சாயங்காலத்துக்குள் உன் கைக்கு வந்துவிடும்.

நைனா


திருத்தணி
டிசம்பர் 1, திங்கள்

நைனா!

ஜெயிச்சுட்டோம் நைனா!

அவசரத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதீர்கள். ஆட்டம் முடிந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வர்ணனைப் பையன் அழுதுகொண்டிருக்கிறான். கீழே ஜனங்கள் எழுதுவது படிக்க முடியாத வேகத்தில் ஓடுகிறது. 'வேதா பவர்லூம்ஸ்' என்ன சொல்கிறது என்று தேடித் தேடிப் பார்த்தேன், காணவில்லை. கரண்ட் போய்விட்டதா அங்கே? அப்படி ஒன்றும் ஆகியிருக்காது. வாயடைத்து உட்கார்ந்திருப்பீர்கள்.

அந்த ராஜா நடையைப் பார்த்தீர்களா? இரண்டு பக்கமும் ஒரு குதிரை, கொஞ்சம் சிப்பாய்கள், அவ்வளவுதான் மிச்சம். எல்லோரும் டிரா என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். நம் பையன் ராஜாவைத் தூக்கி வெளியே வைத்தானே! தன்னந்தனியாக, பலகைக்குக் குறுக்கே, எதிரியின் குதிரை ஒவ்வொரு கட்டத்திலும் வந்து வந்து செக் வைக்க, ஒதுங்கி ஒதுங்கி அந்தக் கோடியில் இருக்கிற சிப்பாய் வரைக்கும் நடந்தானே! ஒரு கட்டம் தப்பியிருந்தால் போச்சு. பேப்பரைப் பிய்த்துப் பட்டையைப் பார்த்துவிடலாம் என்று இரண்டு தடவை கை போனது. பார்க்கவில்லை, உங்கள் மேல் சத்தியம்.

அந்த நேரம் பார்த்து யாரோ போன் மேல் போன். தெரியாத நம்பர். கிரெடிட் கார்டு வேண்டுமா என்று சாயங்காலம் ஆனால் பிடுங்குகிறார்கள் அல்லவா, அதுதான். அழைப்பு வந்தால் ஆட்டம் மறைந்துவிடுகிறது. ராஜா மூன்றாவது கட்டத்தில் நிற்கும்போது ஒன்று, குதிரை செக் வைத்தபோது ஒன்று, அப்புறமும் ஒன்று. மூன்று தடவையும் வெட்டிவிட்டேன். மூன்றாவது தடவை, "சனியனே!" என்று கத்தினேன், அவர் சமையல் கட்டிலிருந்து ஓடி வந்துவிட்டார்.

நீங்கள் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். நீங்கள் ஒரு தறியடியில், நான் ஒரு வீட்டில், ஒரே ஆட்டத்தை இப்படித் தனித்தனியாகப் பார்ப்பது நன்றாகவே இல்லை. நாளைக்குக் காலையில் இதைப் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறேன். போன வாரம் நான் கோபமாக எழுதியதற்கு இன்னும் பதில் இல்லை. கோபமா? ஜெயித்த நாளில் கோபம் கூடாது நைனா.

ஹேமா


வேலூர்
டிசம்பர் 2, செவ்வாய்

நைனா,

இந்தச் சீட்டை நர்ஸ் அம்மா உள்ளே எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் கண் திறந்ததும் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் கடிதம் இன்றைக்குப் பதினோரு மணிக்குப் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. வீட்டுக்கு வந்த தபாலை அவர் எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். பிள்ளைகள் பலகையில் காய் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். படித்தேன். அப்புறம் நேற்றைய அந்த நம்பருக்குப் போட்டேன்.

குடியாத்தத்துப் பக்கம் ஒரு அம்மா எடுத்தார். "ஆங், பக்கத்துப் பெட்டு பெரியவரும்மா. நேத்து என் போனைக் கேட்டு வாங்கினாரு. காலையிலயே உள்ள இட்டுகினு போய்ட்டாங்க. நீதானா அந்தப் பொண்ணு?" என்றார்.

ஆங் என்றேன்.

நான் வெட்டினேன் நைனா. என் விரலால்தான் வெட்டினேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. நீங்கள் மொட்டை போட்டு, முருகனிடம் சொல்லைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்து கூப்பிட்டீர்கள். நான் சனியனே என்றேன்.

நேற்று எழுதிய கடிதம் ஒன்று அம்மையார்குப்பத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. காலையில் சந்தோஷமாகப் பெட்டியில் போட்டேன். பாலமுருகனிடம் சொல்லி அதைப் பிரிக்காமல் எரித்துவிடுங்கள். வேண்டாம், படியுங்கள். என்னைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆபரேஷன் நடக்கிற கதவுக்கு எதிரே வராண்டாவில் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே விட மாட்டேன் என்கிறார்கள். பாலமுருகன் டீ வாங்கி வந்தான், இறங்கவில்லை. நிறைய பேர் இருக்கிறார்கள். எல்லோரும் கதவையே பார்க்கிறார்கள். உங்களுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. கதவு திறந்தால் நான் இருப்பேன் நைனா. எது ஆனாலும் இருப்பேன்.

ஹேமா


வேலூர், ஆஸ்பத்திரி
டிசம்பர் 4, வியாழன்

ஹேமாவுக்கு,

நோட்டும் பேனாவும் கொடுத்திருக்கிறார்கள். கழுத்தில் குழாய், மூக்கில் குழாய். படுத்துக்கொண்டு எழுதுவதால் கிறுக்கலாக இருக்கும். வலி இருக்கிறது. பொறுத்துக்கொள்ளலாம். டாக்டர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். பட்டையைக் காட்டாதே என்று சொன்னது அவருக்கு நினைவில்லை போல.

உன் சீட்டைப் படித்தேன். அம்மையார்குப்பத்துக்குப் போன கடிதத்தையும் பாலமுருகன் கொண்டுவந்து கொடுத்தான். எரிக்கவில்லை. நன்றாக எழுதியிருக்கிறாய். ராஜா நடந்ததைப் பற்றி எழுதின இடத்தை இரண்டு தடவை படித்தேன்.

இப்போது நான் சொல்வதைக் கேள். என் போன் என் கையில்தான் இருந்தது. என் போனிலிருந்து கூப்பிட்டிருந்தால் 'நைனா' என்று பேர் வந்திருக்கும். உலகமே முழுகினாலும் நீ எடுத்திருப்பாய். ஏன் கூப்பிடவில்லை? அதில் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. கூப்பிட்டால் படம் நின்றுபோகும். ராஜா வெளியே வந்துவிட்டான், ஒரு நகர்த்தலைக்கூட விட மனசில்லை. பக்கத்துப் பெட்காரருக்குத் துணையாக இருந்த அம்மாவிடம் போனை வாங்கி, ஒரு கண்ணை ஆட்டத்தில் வைத்துக்கொண்டு உனக்குப் போட்டேன். நீயும் அதே ராஜாவுக்காகத்தான் வெட்டினாய். யார் யாரைக் குறை சொல்வது? ராஜா அந்தக் கட்டத்தில் நிற்கும்போது நீ போனை எடுத்துப் பேசியிருந்தால், அந்த நேரத்தில் உனக்கு என்ன பேச்சு என்று நானே திட்டியிருப்பேன்.

அழுதுகொண்டே படிக்கிறாய் என்று தெரியும். இன்னும் இருக்கிறது, படி.

மூன்றாவது தடவை நீ வெட்டினதும் நான் போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அந்தப் பக்கம் யாரும் இல்லை என்று தெரிந்தும் காதிலேயே வைத்துக்கொண்டு, "ஹேமா" என்றேன். கரகரவென்றுதான் வந்தது, ஆனால் வந்தது. வேறு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. மூன்று வருடம் சேர்த்து வைத்ததெல்லாம் அந்தப் பேருக்குள்ளேயே அடங்கிவிட்டது. அந்தக் குடியாத்தத்து அம்மாவைக் கேள், சொல்வாள்.

அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. நம் பையன் ஜெயித்தான், அப்போதும் திறக்கவில்லை. பாலமுருகன், "மாமா, இன்னா கம்முனு கீற?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். காலையில் உள்ளே கொண்டுபோகும் முன் நர்ஸ் பேர் சொல்லச் சொன்னாள். கையில் கட்டியிருந்த சீட்டைக் காட்டினேன். வாயால்தான் சொல்ல வேண்டும் என்றாள். முடியாது என்று தலையை ஆட்டினேன். பயந்துவிட்டேன் என்று நினைத்து முதுகைத் தட்டிக் கொடுத்தாள். மயக்க மருந்து கொடுத்த டாக்டருக்கும் தலையாட்டல்தான். பேசாமல் இருப்பதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு, உனக்கே தெரியும். என் குரலில் கடைசியாக வந்தது உன் பேராக இருக்கட்டும் என்று பிடிவாதமாக இருந்துவிட்டேன். இனி அதை யாரும் மாற்ற முடியாது.

நாளைக்குச் சாயங்காலம் ஒரு ஆளை உள்ளே விடுவார்களாம். நீ வா. அன்றைக்குக் கொட்டகை வாசலில் நீ காட்டினதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் திரும்பினேன், மறுக்கவில்லை. நாளைக்கு நீ வாசலில் நிற்கும்போது நான் கையை நெஞ்சுப் பக்கம் இழுத்துக் காட்டுவேன். கிட்ட வா என்று அர்த்தம். மறந்திருக்க மாட்டாய்.

மாப்பிள்ளையையும் கூட்டி வா. உள்ளே விடமாட்டார்கள், வராண்டாவில் பெஞ்சு இருக்கிறது, உட்காரச் சொல். பொழுது போகாவிட்டால் பாலமுருகனோடு ஒரு ஆட்டம் ஆடச் சொல். நான் அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

நைனா